புலி பார்க்க தடோபாவா, கன்ஹாவா?

மகாராஷ்டிரத்தின் தடோபா, மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, இரண்டும் புலிகள் காப்பகங்கள். முதல்முறை புலி பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு தடோபா என்பதே என் கட்சி. கன்ஹாவுக்கு ஒரு குளிர்காலத்தில் போயிருந்தேன். மறுபடி போவதா என்று வீட்டில் பேசிப் பேசி, கடைசியில் மே மாதத் தடோபாவுக்கு டிக்கெட் போட்டோம்.

ஜிப்சிக்கு (சஃபாரி போகும் திறந்த ஜீப்) ஆறு பேர், கூடவே கைடு, ஆன்லைன் முன்பதிவு இதெல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை கோர் எனப்படும் காட்டின் மையப் பகுதி இரண்டிலும் மூடியிருக்கும். தடோபா கோருக்குச் செவ்வாய் விடுமுறை. கன்ஹாவில் புதன் மாலை சஃபாரி கிடையாது. ரயில் டிக்கெட் போடும் முன் கிழமையைப் பாருங்கள்.

என்னை தடோபா பக்கம் சாய்த்தது தண்ணீர். சந்திரபூர் மாவட்டத்து வெயில் மே மாதத்தில் 45 டிகிரியைத் தாண்டும். தேக்கும் மூங்கிலும் நிறைந்த வறண்ட காடு அது. தேக்கு இலை உதிர்த்து நிற்பதால் பார்வை வெகுதூரம் ஓடும். ஓடைகள் வற்றிப்போக, மிஞ்சுவது தடோபா ஏரி, தெலியா ஏரி, வனத்துறை நிரப்பிவைக்கும் குட்டைகள். வெயில் பொறுக்காத புலி அங்கே வந்து, பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கி அமர்ந்துகொள்ளும். அதனால் டிரைவர் காடெல்லாம் சுற்றுவதில்லை. ஒரு குட்டையருகே எஞ்சினை அணைத்துவிட்டு மான்களின் எச்சரிக்கைக் குரலுக்குக் காது கொடுப்பார். பார்ப்பது நிச்சயம் என்று எந்தக் காட்டிலும் யாரும் சொல்ல முடியாது. வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.

கன்ஹாவின் கோர் சுமார் 940 சதுர கிலோமீட்டர், தடோபாவுடையது 625. அங்குள்ள சால் மரங்கள் முழுக்க மொட்டையாவதும் இல்லை. அதனால் புலி கண்ணில் படுவது கொஞ்சம் கடினம். ஆனால் அங்கே கோடையில் நான் போனதில்லை. புல் காய்ந்தபின் நிலைமை மேலாக இருக்கலாம்.

காட்டின் அழகில் மட்டும் கன்ஹாதான் ஒரு படி மேல். இடம்பெயர்ந்த கிராமங்களின் வயல்களும் சேர்ந்து உருவான புல்வெளிகள், அவற்றில் மேயும் பாரசிங்கா என்னும் சதுப்புநில மான்கள். 1970-இல் 66 ஆகச் சுருங்கிய அந்த இனம் மீண்டுவந்ததும் இங்கேதான். டிசம்பர் விடியலில் திறந்த ஜிப்சியில் பல் தந்தியடிக்கும், கம்பளி அவசியம்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு வசதி: டெல்லி ரயில் பாதையிலேயே பல்ஹார்ஷா, சந்திரபூர் நிலையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து தடோபாவின் மொஹர்லி கேட் பக்கம்தான். கன்ஹாவுக்கு ஜபல்பூரிலோ நாக்பூரிலோ இறங்கி மணிக்கணக்கில் காரில் போக வேண்டும். கோரில் இடம் கிடைக்காவிட்டால் அகர்ஜரி, ஜுனோனா போன்ற, தடோபா கோரைச் சுற்றியுள்ள பஃபர் பகுதியின் கேட்டுகளையும் பாருங்கள். புலி அங்கேயும் நடமாடுகிறது.