அடி வாங்கிய ஸ்கோப்: லேசரா, காந்தமா, நகப்பூச்சா?

போன மாதம் என் .177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், சுவரோரம் சாய்த்து வைத்த இடத்திலிருந்து சறுக்கி விழுந்தது. மேலே மாட்டியிருந்த ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) டரட்தான், அதாவது குறியைத் திருத்தும் குமிழ்தான், முதலில் சிமென்ட் தரையில் பட்டது. மூடியில் சின்னச் சிராய்ப்பு, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜீரோ, அதாவது ஸ்கோப் காட்டும் இடத்திலேயே பெல்லட் (குண்டு) விழும்படி செய்த அமைப்பு, மட்டும் அப்படியே இருக்கிறதா?

இந்த மாதிரி நேரத்தில் கை நேராக டரட்டுக்குத்தான் போகும். சுட்டுப் பார், விலகிய அளவுக்குத் திருப்பு. கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோண அளவு) டரட்டில் ஒரு கிளிக் என்பது 25 மீட்டரில் சுமார் 1.8 மில்லிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் விலகல் என்றால் பதினாறு, பதினேழு கிளிக், அவ்வளவுதான். முன்பு ஒரு தடவை இதைத்தான் செய்தேன். இருபது பெல்லட் தாண்டுவதற்குள் குறி மறுபடி நகர்ந்துவிட்டது. தளர்ந்திருந்தது ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்), நான் திருகியதோ டரட்டை. ஸ்பிரிங் ரைஃபிளில் இது இன்னும் மோசம். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். இந்த இருபக்க உதையில் தளர்ந்த மவுண்ட் (ரிங்கைத் தாங்கும் அடிப்பாகம்) டவ்டெயில் (துப்பாக்கி முதுகில் அதைப் பிடிக்கும் பள்ளம்) மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

திருகும் முன் ஸ்கோப் நகர்ந்ததா என்று பார்க்க, லேசர் போர் சைட்டரை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். குழல் வாயில் செருகியதும் சுவரில் சிவப்புப் புள்ளி விழும், நமக்கும் நம்பிக்கை வந்துவிடும். செருகியபடியே அதை மெதுவாகச் சுழற்றினேன். புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் எலுமிச்சம்பழ அளவுக்கு வட்டம் போட்டது. தானே இவ்வளவு ஆடும் கருவி, ஸ்கோப் ஆடியதை எப்படிச் சொல்லும்? புது ஸ்கோப் மாட்டும்போது முதல் பெல்லட் தாளிலாவது விழ உதவும், அதோடு சரி.

குழல் முனையில் காந்தத்தால் ஒட்டும் கட்டக் கண்ணாடி இதைவிட நல்லது. ஜீரோ சரியாக இருக்கும் நாளிலேயே குறுக்குக்கம்பி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எழுதி வைத்திருந்தால், அடிபட்ட பிறகு ஒரு பெல்லட்கூடச் செலவில்லாமல் விலகல் தெரிந்துவிடும். எழுதி வைக்காதவருக்குப் பயனில்லை. முனையில் பிளாஸ்டிக் உறை இருந்தால் ஒட்டாது. அப்புறம், அதைக் கழற்றாமல் சுட்டுவிடாதீர்கள்.

என் ஓட்டு நகப்பூச்சுக்கு. ரிங்கிலிருந்து ஸ்கோப் குழாய்க்கு, ஸ்க்ரூ தலையிலிருந்து ரிங்குக்கு, மவுண்டிலிருந்து டவ்டெயிலுக்கு என்று குறுக்கே மெல்லிய கோடு இழுத்துவிட வேண்டும். மற்றவை எல்லாம் நகர்ந்ததா என்று மட்டுமே சொல்லும். இது எங்கே நகர்ந்தது என்றும் காட்டிக்கொடுக்கும். இந்த முறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஸ்க்ரூ கோடுகள் எல்லாம் முழுசாக இருந்தன. பின் ரிங்கின் கோடு மட்டும் மயிரிழை அளவு உடைந்து படி மாதிரி நின்றது. ரிங்குக்குள் குழாய் வழுக்கியிருக்கிறது. கழற்றினேன், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துவிட்டு, என் ரிங்கோடு வந்த தாளில் சொன்ன 15 இன்ச்-பவுண்டுக்கு டார்க் டிரைவரால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்க்ரூடிரைவர்) மாற்றி மாற்றி முறுக்கினேன்.

ஸ்கோப்பின் வயிற்றுக்குள் ஸ்பிரிங் சரிந்திருந்தால் நகப்பூச்சுக்குத் தெரியாது. கோடுகள் எல்லாம் முழுசு, துப்பாக்கியின் பிடிக் கட்டையை இணைக்கும் ஸ்க்ரூவும் இறுக்கம், ஆனாலும் குறி அலைகிறது என்றால் டரட்டை இருபது கிளிக் மேலே ஏற்றி, திரும்ப இறக்கிச் சுட்டுப் பாருங்கள். பழைய இடத்துக்கு வராவிட்டால் ஸ்கோப்பைப் பழுதுபார்க்கத்தான் அனுப்ப வேண்டும். அதற்கு முன் பேரலாக்ஸ் வளையத்தை (தூரத்துக்கேற்ப ஸ்கோப்பைச் சரிசெய்யும் வளையம்) பார்த்துவிடுங்கள். விழுந்தபோது அது திரும்பியிருந்தால், கன்னம் வைக்கும் இடம் மாறுவதற்கேற்ப குறியும் மாறும். ஸ்கோப் மேல் பழி விழும்.

கடைசியில் எப்படியும் சுட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு பெல்லட்டை நம்பாமல் ஐந்து சுட்டு, அந்த ஓட்டைகள் சேர்ந்த குரூப்பின் நடுவைப் பார்த்தேன். மூன்று கிளிக் இடப்பக்கம் போதுமாக இருந்தது. பழைய கோடு சிவப்பு. புதுக் கோட்டுக்கு வீட்டில் பச்சைதான் கிடைத்தது.