அண்டர்: நார்வேல கடலுக்குள்ள இருக்கிற ரெஸ்டாரன்ட், இன்டீரியர் பத்தி மட்டும் சொல்றேன்

கடலோர ரெஸ்டாரன்ட்னாலே நங்கூரம், மீன்வலை, மர சுக்கான் எல்லாம் சுவத்துல மாட்டிட்டா தீம் முடிஞ்சதுன்னு நிறைய பேர் நெனச்சிக்கறாங்க. நார்வேயோட தென்கோடி, லிண்டஸ்னெஸ்ல இருக்கிற அண்டர்ல அப்படி ஒண்ணு கூட என் கண்ணுல படல, ஆனா அந்தக் கரையே உள்ள வந்து உக்காந்திருக்கு.

டிசைன் பண்ணது ஸ்னோஹெட்டாங்கற நார்வே ஆர்க்கிடெக்ட் கம்பெனி, 2019ல திறந்தாங்க. ஆஸ்லோ ஓபரா ஹவுஸ் பண்ணதும் இவங்கதான், அதோட கூரை சரிவா தண்ணி வரைக்கும் இறங்கும், அது மேலயே நடக்கலாம். இங்கயும் அதே சரிவுதான், ஆனா நாம உள்ள இறங்கறோம். 34 மீட்டர் நீள கான்கிரீட் குழாய், ஒரு முனை கரைப்பாறை மேல, இன்னொண்ணு 5.5 மீட்டர் ஆழத்துல கடல் தரையில. நார்வே மொழில அண்டர்னா கீழன்னும் அர்த்தம், அதிசயம்னும் அர்த்தம், பேர் வச்சவங்க கைக்கு தங்கக் காப்பு போடணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சீலிங். நுழையறப்போ ஓக் மரம், மேல நெய்த துணி பேனல், கலர் எல்லாம் மணல், கிளிஞ்சல், பாறை மாதிரி அடங்கி இருக்கு, அப்புறம் படி இறங்க இறங்க அதே துணி சூரியன் கடல்ல மறையற ரோஸ், பவள ஆரஞ்சுன்னு ஏறி கடைசில ஆழ்கடல் பச்சை, ராத்திரி நீலம்னு போகுது, ஒரு போர்டு இல்ல ஒரு படம் இல்ல, நாம கரையிலேர்ந்து கடலுக்குள்ள போறோம்னு உடம்புக்கே தெரியுது. துணிங்கறதால சத்தமும் அடங்கிடுது, பக்கத்து டேபிள்ல பேசறது காதுல விழல.

கீழ 11 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் உயரத்துல ஒரே ஜன்னல். அக்வேரியம் மாதிரி பளிச்சுன்னு நீலமா இருக்கும்னு எதிர்பாத்துப் போகாதீங்க, தண்ணி பச்சையா மங்கலாத்தான் இருக்கு, கடல்பாசி ஆடுது, எப்பவாவது ஒரு மீன் வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது. அந்த ஊர் கடல் அப்படித்தான், அதை அப்படியே காட்டறாங்க பாருங்க, அதுக்காகவே எனக்கு மரியாதை வந்துச்சு. கண்ணாடில நம்ம மூஞ்சி தெரியாத அளவுக்கு லைட்டையும் குறைச்சு வச்சிருக்காங்க.

இன்னொண்ணு, வெளிச்சுவர் அரை மீட்டர் தடிமன், மேல்பரப்ப வேணும்னே சொரசொரப்பா விட்டிருக்காங்க, சிப்பிங்க வந்து ஒட்டி வளரணுமாம். கட்டடமே கொஞ்ச கொஞ்சமா ஒரு கடல்பாறையா ஆகட்டும்னு விட்டுட்டாங்க. திறப்பு விழா அன்னிக்கு போட்டோல அழகா தெரியணும்னு மட்டும் யோசிக்கறவங்க இதை செய்யவே மாட்டாங்க.

போறவங்க கோடைல போங்க, சாயங்காலம் லேட்டானாலும் வெளிச்சம் இருக்கும். இறங்கறப்போ டேபிளுக்கு ஓடாம படியிலயே ஒரு நிமிஷம் நின்னு சீலிங்கை நிமிந்து பாருங்க.