ஹட்டன் டவுன்ல இன்ஹேலர் வாங்குறவங்க கவனத்துக்கு

வீட்டுல ஆஸ்துமா உள்ளவங்க இருந்தா இதைக் கட்டாயம் வாசிங்க.

எங்க அம்மாவுக்குப் பல வருஷமா வீசிங். கிளினிக்ல அவங்க வழக்கமா எடுக்கிற பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் முடிஞ்சிருச்சு, வெளியில வாங்குங்கன்னு துண்டு எழுதிக் கொடுத்தாங்க. டவுன்ல ஒரு பாமசியில காட்டினோம். கவுண்டர்ல நின்ன பையன் நீல இன்ஹேலரை எடுத்து வச்சான். "எனக்கு ப்ரவுன் கலர்தானே தம்பி தருவாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. "ரெண்டும் ஒன்னுதாம்மா, கம்பெனிதான் வேற. காலையில ரெண்டு, ராவைக்கு ரெண்டு அடிங்க"ன்னுட்டான். பில்லும் தரல.

ரெண்டும் ஒன்னே இல்ல. அந்த நீலம் சல்பியூட்டமோல். இறுகின மூச்சுக்குழாயைச் சில நிமிஷத்துல தளர்த்திவிடும், நாலஞ்சு மணித்தியாலத்துல அதோட வேலை முடிஞ்சிரும். குழாய்க்குள்ள இருக்கிற வீக்கத்தைக் குறைக்கிறது அம்மாவோட ப்ரவுன் இன்ஹேலர்ல உள்ள பெக்லோமெத்தசோன்தான், அது ஸ்டீரொயிட். தினமும் எடுத்தாதான் பலன். அதை விட்டுட்டு நீலத்தை மட்டும் அடிச்சா, சுகமா இருக்கிற மாதிரியே இருக்கும், உள்ள வீக்கம் கூடிக்கிட்டே போகும். பெரியவங்களுக்கு சல்பியூட்டமோலை மட்டும் நம்பி வைத்தியம் பார்க்கக் கூடாதுன்னு ஜினா என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டல் 2019லேயே சொல்லியாச்சு.

அம்மாவுக்கு முதல்ல கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு. தேத்தண்ணி கிளாஸைப் பிடிக்க முடியல. பிறகு ஒரு மழை ராத்திரி, ஒரு சொல் சொல்லவே மூச்சு வாங்குது, கழுத்துக்குழி உள்ள இழுத்து இழுத்துப் போகுது. கதிரையில உட்கார வச்சு லயத்துல இருந்து ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்து 1990 அம்புலன்ஸ்ல ஏத்தினோம். ஆஸ்பத்திரியில நெபியூலைசர் வச்ச பிறகு டொக்டர் மருந்துப் பையைப் பார்த்துட்டு, "ப்ரவுன் எங்க?"ன்னுதான் கேட்டாரு.

பாமசியில போய்க் கேட்டா, "நாங்க கொடுக்கல, பில் இருக்கா?"ங்கிறாங்க. சுவத்துல மருந்தாளர் சான்றிதழ் தொங்குது. நாங்க போன நேரமெல்லாம் அந்த மருந்தாளரைக் காணோம். எனக்கு ஆத்திரமே இதுலதான். இங்கிலீஷ் தெரியாத தோட்டத்து ஆளுங்கன்னா எதையும் கொடுக்கலாமா?

கலரை மட்டும் நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துண்டுல உள்ள பேரும் டப்பாவுல உள்ள பேரும் எழுத்துக்கு எழுத்து ஒன்னான்னு பாருங்க, வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. மருந்துப் பேரோட பில் கேளுங்க. அந்த மருந்து இல்லைன்னா, பதிலுக்கு எதுன்னு சொல்ல வேண்டியது டொக்டர்.

நுவரெலியா பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்துல உணவு, மருந்துப் பரிசோதகருக்குத் துண்டோட கொப்பியையும் டப்பாவுல உள்ள பேட்ச் நம்பரையும் வச்சு முறைப்பாடு எழுதியிருக்கோம். உங்க வீட்டுலயும் இப்படி மாத்திக் கொடுத்திருந்தா டப்பாவை வீசிடாதீங்க, எனக்கு மெசேஜ் போடுங்க, சேர்த்துக் கொடுப்போம்.