ஐரிஸ் பாத்தியில் பெயர் நிலைக்க: பிளாஸ்டிக் குச்சியா, துத்தநாகத் தகடா, வரைபடமா?

பூத்திருக்கும்போது ஐரிஸுக்கு லேபிளே வேண்டாம் என்று தோன்றும். பூ முடிந்தால் எல்லாம் ஒரே வாள் இலைதான். மிகக் குட்டை வகை 20 செ.மீ.க்குள் நின்றுவிடும், உயர்ந்த தாடி ஐரிஸ் (கீழிதழில் தாடி போல மயிர் உள்ள வகை) 70 செ.மீ. தாண்டும், அவ்வளவுதான் கண்ணால் பிரிக்க முடியும். 'பிஃபோர் தி ஸ்டார்ம்', 'சூப்பர்ஸ்டிஷன்' என்ற ரகங்கள் இரண்டும் பூவில் கிட்டத்தட்டக் கறுப்பு, இரண்டும் உயரம். இலையைப் பார்த்து இது எது என்று சொல்ல ஆளில்லை. பூ இரண்டு மூன்று வாரம் இருக்கும். மற்ற நாளெல்லாம் லேபிள் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

மூன்று முறைகளையும் வைத்துப் பார்த்தேன். இப்போது என் பாத்தி முழுக்கத் துத்தநாகத் தகடு.

பிளாஸ்டிக் குச்சி மலிவு, உடனே கிடைக்கும், ஒரு பருவத்துக்குத் தொட்டிச் செடிக்குப் போதும். மார்க்கர் மைதான் அதன் பலவீனம். 'அழியாதது' என்று போட்டிருந்தாலும் அந்தச் சாயத்தை வெயில் சிதைத்துவிடும். குச்சியும் வெயிலில் காய்ந்து மண்மட்டத்தில் உடையும். இரண்டாம் ஆண்டு பூக்கும் முன் பார்த்தபோது பதினோரு குச்சிகள் வெறும் வெள்ளையாக நின்றன. படங்களோடு ஒப்பிட்டுப் பெயரை மீட்கப் பார்த்தேன், நடக்கவில்லை. பதிவான தாடி ஐரிஸ் ரகங்கள் பல பத்தாயிரம். என் ஊதாவுக்கு ஒத்த ஊதா எத்தனையோ. நான்கு செடிகள் இன்றும் 'பெயர் தெரியாதவை'தான். யாருக்காவது கிழங்கு கொடுக்கும்போது அது எனக்கு உறுத்துகிறது.

துத்தநாகத் தகட்டில் பென்சிலால் எழுதுகிறேன். பென்சில் கோடு கரி. சாயம் போல வெயிலில் வெளுக்க அதில் ஒன்றுமில்லை. புதுத்தகடு பளபளப்பாக இருக்கும்போது எழுத்து மங்கலாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். தகடு மழைபட்டு மங்க மங்க எழுத்து தெளிகிறது. எழுதி ஆறு ஆண்டான தகட்டை இன்றும் குனியாமல் படிக்கிறேன். பெயரோடு உருவாக்கியவரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுவேன்: 'டஸ்கி சேலஞ்சர், ஷ்ரைனர், 1986'. பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் மற்ற இரண்டையும் வைத்துப் பதிவேட்டில் பிடித்துவிடலாம்.

தகட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு, அதைச் செடிதான் கொடுக்கிறது. ஐரிஸ் கிழங்கு நட்ட இடத்தில் நிற்காது. விசிறி போல விரிந்த இலைக்கொத்து இருக்கும் முனையிலிருந்து முன்னோக்கி வளரும், பழைய முனை வறண்டுபோகும். மூன்று ஆண்டில் தகடு வெறும் மண்ணருகே நிற்கும், பக்கத்துச் செடியின் விசிறி அதை நெருங்கி வந்திருக்கும். அதனால் எல்லாக் கிழங்கையும் ஒரே திசை பார்க்க நடுகிறேன். தகடு எப்போதும் பழைய முனைக்குப் பின்னால். இந்த ஒரு விதி இருந்தால் தகடு எந்தச் செடிக்கு உரியது என்ற சந்தேகமே வராது.

அலுமினியத் தகட்டில் முனையால் அழுத்தி எழுதுவதும் நன்றாகவே இருக்கிறது. எழுத்தை விரலால் தடவியே படிக்கலாம். மெல்லிய தகடு என்பதால் வளைகிறது. நான் பயன்படுத்தி இரண்டு பருவம்தான் ஆகிறது, அதற்கு மேல் சாட்சி சொல்ல மாட்டேன்.

நோட்டில் வரையும் வரைபடத்தை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் செடியை நகர்த்திய அன்றே திருத்தாவிட்டால் அது பொய் சொல்லும். தகட்டுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், தனியே போதாது. வரிசையைப் பற்றி மட்டும் ஒன்று: அகர வரிசையில் நட்டுப் பார்த்தேன், அடுத்த புதுச் செடி வந்ததும் குலைந்தது. இப்போது ஒரே நிறத்தை அடுத்தடுத்து வைப்பதில்லை. வெள்ளை 'இம்மார்ட்டாலிட்டி'க்குப் பக்கத்தில் கருநீலம். ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் பூக்கும் நாளில் காட்டிக்கொடுத்துவிடும். பூத்தண்டையும் விதை பிடிக்குமுன் வெட்டிவிடுகிறேன். விழுந்த விதை முளைத்தால் தாயின் தகட்டடியிலேயே வேறொரு செடி வளரும்.

பெயர் அதிகம் தொலைவது மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை கிழங்கு பிரிக்கும் நாளில். தோண்டியதுமே இலையிலேயே மார்க்கரால் பெயரை எழுதிவிடுங்கள், கத்தரிக்கும் இடத்துக்குக் கீழே. சில நாள் தாங்கினால் போதும் என்பதால் இங்கே மார்க்கர் சரி.

பழைய பிளாஸ்டிக் குச்சிகளை நான் எறியவில்லை. பென்சிலால் பெயர் எழுதி, கிழங்கின் பழைய முனைக்கு அருகே விரல் ஆழத்தில் புதைத்து வைக்கிறேன். அங்கே வெயில் எட்டாது. போன முறை பிரித்தபோது ஒரு செடியின் தகடு காணவில்லை. மண்ணைக் கிளறி எடுத்த குச்சியைக் கட்டைவிரலால் துடைத்தேன், பெயர் முழுதாக இருந்தது.