டயாலிசிஸ் டிராவல் நர்ஸ்: கிளினிக்கா, ஆஸ்பத்திரியா?

அமெரிக்காவில் டயாலிசிஸ் டிராவல் நர்ஸாக, அதாவது சில மாத ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பவராக, போக நினைப்பவர்களிடம் ஏஜென்சி முதலில் கேட்பது இதைத்தான்: நோயாளிகள் வந்துபோகும் கிளினிக் வேண்டுமா, ஆஸ்பத்திரியில் படுக்கையருகே செய்யும் அக்யூட் வேலை வேண்டுமா? நான் அக்யூட்டில் ஒரு ஒப்பந்தம் முடித்தேன். அதன் பிறகு எடுத்ததெல்லாம் கிளினிக்தான்.

ஒப்பந்தம் இரண்டுக்குமே வழக்கமாக 13 வாரம். லைசென்ஸ் விதிகளும் ஒன்றுதான்: காம்பாக்ட் லைசென்ஸ் (பல மாநிலங்கள் சேர்ந்து ஏற்கும் ஒரே லைசென்ஸ்) இருந்தால் அதில் சேர்ந்த மாநிலங்களுக்கெல்லாம் போகலாம், கலிபோர்னியாவுக்குத் தனியாக வாங்க வேண்டும். எனக்குக் கிடைத்த அக்யூட் வேலையில் சம்பளம் கொஞ்சம் கூடுதல். சரி, அப்புறம் ஏன் விட்டேன்?

ஆன்-கால், அதாவது கூப்பிட்டால் எந்நேரமும் ஓட வேண்டிய முறை. இரவு ஒரு மணிக்கு போன் வரும். அவசரப் பிரிவில் ஒருவருக்குப் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு, 7-ஐத் தாண்டியிருக்கும். ஓடிப்போய், மெஷினையும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ.வையும் உருட்டிச்சென்று, தண்ணீரில் குளோரின் சோதித்து, மூன்று மணி நேரம் ஓட்டி, எல்லாவற்றையும் சுத்தம் செய்து முடிக்கும்போது விடிந்துவிடும். காலை ஷிப்டோ அப்படியே காத்திருக்கும். கண் எரிய எரிய டயலைசேட்டில் (ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷினில் ஓடும் கரைசல்) பொட்டாசியம் அளவு 2-ஆ 3-ஆ என்று மருத்துவர் குறிப்பை மூன்று முறை படித்திருக்கிறேன். அங்கே தவறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இரவு வேலைக்குப் பிறகு ஓய்வு உண்டா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. நானும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் அக்யூட் எடுப்பதாக இருந்தால் வாரத்துக்கு எத்தனை இரவு, கூப்பிட்டால் என்ன சம்பளம், மறுநாள் எத்தனை மணி நேரம் ஓய்வு, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

கிளினிக்கிலும் இருட்டோடு எழுந்து ஓட வேண்டும். ஒரு ஷிப்ட் நோயாளிகள் டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து இறங்கி அடுத்தவர்கள் ஏறும் அந்த நேரம் மூச்சு முட்டும். ஆனால் இரவு என்னுடையது. இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது: ஒரே ஆள் வாரம் மூன்று முறை வருகிறார். 13 வாரத்தில் 39 முறை. யாருக்கு மூன்றாம் மணி நேரத்தில் பிரஷர் இறங்கும், யாருடைய டிரை வெயிட்டை (கூடுதல் நீர் நீங்கியபின் இருக்க வேண்டிய எடை) மாற்றச் சொல்லி மருத்துவரிடம் பேச வேண்டும் என்று நான்காவது வாரத்திலேயே தெரிந்துவிடும். புது ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து உருவாக்கிய ரத்தக்குழாய்) ஊசி போடும் முன் அவரையே கேட்பேன். தன் கையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்தக் குறிப்பேட்டிலும் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஒரு வருட நர்சிங் அனுபவமும் அதில் மூன்று மாத டயாலிசிஸும் இருந்தால், அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி உங்களைச் சார்ஜ் நர்ஸாக, அதாவது அந்த ஷிப்டுக்கே பொறுப்பாளராக, நிறுத்தலாம். வந்து இறங்கிய முதல் வாரமே அது நடக்கக்கூடும்.

நான் பார்த்தது ஒரே ஒரு ஆஸ்பத்திரியின் அக்யூட். நிறைய நர்ஸ்கள் இரவுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் பெரிய இடத்தில் நிலைமை வேறாக இருக்கலாம். ஐசியூ நோயாளிகளைக் கையாளக் கற்க வேண்டும் என்றால் அக்யூட்டுக்கு ஈடில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஏஜென்சி கூப்பிட்டால், ஒரு நர்ஸுக்கு எத்தனை நாற்காலி, உடன் எத்தனை டெக்னீஷியன் என்றுதான் முதலில் கேட்கிறேன்.