கணினிக்குப் பெயர் வைப்பது எளிது, அதை அழிப்பது யார்? விண்டோஸ் டிஎன்எஸ், பைண்ட், டிஎன்எஸ்மாஸ்க், அன்பவுண்ட்: ஓர் ஒப்பீடு

கணக்குப் பிரிவிலிருந்து போன். எக்செல் திறக்கவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்றார் ஒருவர். அவருடைய கணினியின் பெயரை விஎன்சியில் (தொலைவிலிருந்து இன்னொரு கணினியின் திரையைப் பார்க்கும் மென்பொருள்) அடித்து உள்ளே போனேன். திரையில் வந்ததோ மனிதவளப் பிரிவு மேலாளரின் லேப்டாப். சம்பளப் பட்டியல் அகலமாகத் திறந்து கிடந்தது. உடனே மூடிவிட்டேன். ஆனாலும் அன்று முழுக்க அந்த மேலாளரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தோண்டிப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. கணக்குப் பிரிவுக் கணினியை ஃபார்மட் செய்து, ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் பதிந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் பதிவேடு) இருந்த அதன் பழைய கணக்கை நீக்கிவிட்டு, அதே பெயரில் புதிதாகச் சேர்த்திருந்தோம். பெயர் ஒன்றுதான் என்றாலும் விண்டோஸ் கணக்கில் அது வேறு ஆள். டிஎன்எஸ்ஸில், அதாவது கணினியின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண்) சொல்லும் பெயர்த் தேடல் சேவையில், இருந்த பழைய பதிவு பழைய ஆளுக்குச் சொந்தம், அதனால் புதியவருக்கு அதைத் திருத்த அனுமதி இல்லை. இதற்குள் பழைய ஐபி முகவரியை டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரியைக் குறிப்பிட்ட காலக் குத்தகைக்குக் கொடுக்கும் சேவை) அந்த லேப்டாப்புக்குக் கொடுத்துவிட்டது. பெயர்த் தேடல் சேவை தனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொன்னது. அதற்குத் தெரிந்ததுதான் பழசு.

அன்றிலிருந்து இந்த டிஎன்எஸ் மென்பொருள்களை ஒப்பிட எனக்கு ஒரே அளவுகோல்தான். எது வேகமாகப் பதில் சொல்கிறது என்று பார்ப்பதில்லை, எல்லாமே போதுமான வேகத்தில் சொல்லும். பெயரை யார் எழுதுகிறார்கள், ஆள் போனபின் யார் அழிக்கிறார்கள், அதைத்தான் பார்க்கிறேன்.

முதலில் ஒதுக்க வேண்டியவை

பெயரையும் முகவரியையும் கையால் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு எல்லாக் கணினியிலும் இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் உலகத்துக்கே இப்படி ஒரு கோப்புதான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த தகவல் மையம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் அவ்வப்போது இறக்கிக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அந்தக் கோப்பின் வாரிசு இன்றும் நம் கணினியில் உட்கார்ந்துகொண்டு, வழக்கமான அமைப்பில் டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் தானே பதில் சொல்லிவிடுகிறது.

ஆபத்தும் அதில்தான். யாரோ ஒருவர் புதிய சர்வரைச் சோதிக்க ஒரு வரி சேர்த்துவிட்டு மறந்துபோவார். இரண்டு வருடம் கழித்து சர்வர் இடம் மாறும்போது அந்த ஒரு கணினி மட்டும் முரண்டு பிடிக்கும். என்எஸ்லுக்கப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் முகவரி சரியாகவே வரும், ஏனென்றால் அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது. அரை நாள் இப்படிப் போகும். லினக்ஸில் கெட்என்ட், விண்டோஸில் பிங் அடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நெட்பயாஸ் என்ற பழைய விண்டோஸ் பெயர்முறைக்கான வின்ஸ் சேவை இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. நெட்பயாஸ் பெயருக்கு 15 எழுத்துதான் இடம், 16ஆவது சேவையின் வகையைக் குறிக்கும். விண்டோஸ் சர்வர் 2022 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் இதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. சின்னப் பெயரை அடித்தாலே வேலை செய்ய வேண்டும் என்பதற்காக மட்டும் அதை வைத்திருப்பவர்கள், கணினிகளுக்கு டொமைன் பின்னொட்டைக் (சின்னப் பெயரின் பின்னால் சேரும் நிறுவனப் பெயர்ப் பகுதி) கொடுத்துவிட்டு வின்ஸை நிறுத்திவிடலாம்.

பக்கத்துக் கணினிகளிடமே பெயரைக் கேட்கும் எல்எல்எம்என்ஆர் இன்னும் மோசம். டிஎன்எஸ்ஸில் பெயர் கிடைக்காவிட்டால் விண்டோஸ் தெருவில் நின்று 'இந்தப் பெயருக்கு யாருப்பா?' என்று கத்துகிறது. எவன் வேண்டுமானாலும் 'நான்தான்' எனலாம். ரெஸ்பாண்டர் என்ற இலவசக் கருவி இதைத்தான் செய்து, கடவுச்சொல்லின் ஹாஷை (மறைகுறி வடிவத்தை) வாங்கிக்கொள்கிறது. குரூப் பாலிசியில் (எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பைத் தரும் வசதி) ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் இது அணைந்துவிடும். இன்றே அணைத்துவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

விண்டோஸ் டிஎன்எஸ்

ஆக்டிவ் டைரக்டரி இருக்கும் அலுவலகத்தில் இது ஏறக்குறைய தானாகவே வந்து சேரும். கணினி லாகின் சர்வரைக் கண்டுபிடிப்பதே எந்தச் சேவை எந்தச் சர்வரில் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எஸ்ஆர்வி பதிவுகள் வழியாகத்தான். டிஎன்எஸ் சரியில்லை என்றால் டொமைனே (ஆக்டிவ் டைரக்டரி ஆளும் கணினிக் கூட்டமே) இல்லை.

இதன் பெரிய பலம், எழுதும் வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு கணினியும் டொமைன் தந்த கெர்பராஸ் அடையாளத்தைக் காட்டித் தன் பெயரைத் தானே பதிந்துகொள்கிறது, தினமும் ஒருமுறை புதுப்பிக்கிறது. வேறு கணினி வந்து அந்தப் பெயரைப் பறிக்க முடியாது. ஸோன் (ஒரு டொமைனின் பெயர்ப் பதிவுகளின் தொகுப்பு) விவரங்கள் டைரக்டரிக்குள்ளேயே இருப்பதால் எந்த டொமைன் கன்ட்ரோலரிலும் (லாகின் சர்வரிலும்) மாற்றலாம், மற்றவற்றுக்குத் தானாகப் பரவும். முதன்மை, துணை என்ற பாகுபாடு கிடையாது.

அழிக்கும் வேலையில்தான் கோட்டை விடுகிறது. பழைய பதிவுகளைக் கூட்டித் தள்ளும் ஸ்கேவஞ்சிங் என்ற வசதி இருக்கிறது, ஆனால் நிறுவும்போது அது அணைந்தே இருக்கும். சர்வரிலும் இயக்க வேண்டும், ஸோனிலும் இயக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களில் நானும் ஒருவன். அதன் இயல்பான கணக்கு 7 நாள், அப்புறம் இன்னொரு 7 நாள். அதாவது ஒரு பதிவு பழசு என்று தீர்மானிக்கவே 14 நாள், துடைப்பம் வர இன்னும் சில நாள் ஆகலாம். விண்டோஸ் டிஎச்சிபியின் வழக்கமான குத்தகைக் காலமோ 8 நாள். முகவரி கைமாறிய பிறகும் பழைய பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்க இந்த இடைவெளி தாராளமாகப் போதும். வைஃபையில் குத்தகையைச் சில மணி நேரமாகக் குறைத்திருந்தால் இடைவெளி இன்னும் அகலம்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, பதியும் பொறுப்பை டிஎச்சிபி சர்வரிடமே ஒப்படைப்பது. அதற்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, எல்லாப் பதிவும் அந்தக் கணக்கின் பெயரிலேயே நடக்கும்படி செய்தோம். குத்தகை முடிந்தால் கொடுத்தவரே பெயரையும் எடுத்துவிடுவார். கணினியை ஃபார்மட் செய்தாலும் உரிமைத் தகராறு வராது.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்றும் உண்டு. டிஎன்எஸ் சேவை பெரும்பாலும் டொமைன் கன்ட்ரோலரிலேயே ஓடுகிறது. 2020 ஜூலையில் சிக்ரெட் என்ற ஓட்டை வெளியானது, 17 வருடமாக விண்டோஸ் டிஎன்எஸ்ஸுக்குள் இருந்தது. தீவிர அளவில் அதற்கு 10க்கு 10. டிஎன்எஸ்ஸில் ஓட்டை என்றால் டொமைனின் சாவியே போய்விடும். பெயர் சொல்பவரும் கஜானா காப்பவரும் ஒரே ஆளாக இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

பைண்ட்

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1980களில் பிறந்தது, இன்று ஐஎஸ்சி என்ற அமைப்பு பராமரிக்கிறது. லினக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இதன்மேல் ஒரு பக்தியே உண்டு. எனக்கும் உண்டு, ஆனால் கோயில் வேறு, ஆபீஸ் வேறு.

எல்லாம் எழுத்துக் கோப்பு என்பதுதான் இதன் அழகு. ஸோன் கோப்பை கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருள்) போட்டுவிட்டால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது காலத்துக்கும் இருக்கும். விண்டோஸ் டிஎன்எஸ்ஸில் 'இந்தப் பதிவை யார் வைத்தது?' என்று கேட்டால் ஆளாளுக்கு முகத்தைப் பார்ப்பார்கள். வியூஸ் என்ற வசதியில், ஒரே பெயருக்கு அலுவலகத்துக்குள்ளிருந்து கேட்டால் ஒரு முகவரியும் வெளியிலிருந்து கேட்டால் வேறொன்றும் தரலாம். விண்டோஸில் இதற்கு இணையான கொள்கை வசதி 2016 பதிப்பில்தான் வந்தது.

பதிலுக்கு அது நம்மிடம் ஒழுக்கம் கேட்கும். கோப்பைத் திருத்திவிட்டு அதன் பதிப்பைக் குறிக்கும் சீரியல் எண்ணைக் கூட்ட மறந்தால் துணைச் சர்வர்களுக்கு மாற்றமே போய்ச் சேராது. ஒரு சர்வர் புதுசையும் இன்னொன்று பழசையும் சொல்லும், அலுவலகத்தில் பாதிப் பேருக்கு எல்லாம் சரியாக இருக்கும். முழுப் பெயரின் முடிவில் புள்ளி வைக்க மறந்தால் டொமைன் பெயர் இரண்டு தடவை ஒட்டிக்கொள்ளும். ஒரு புள்ளிக்காக மின்னஞ்சல் நின்றுபோன மாலையை அனுபவித்தவர்கள், கூடவே வரும் செக்ஸோன் கட்டளையை ஓட்டாமல் கோப்பைச் சேமிக்க மாட்டார்கள்.

கணினிகள் தாமே பதிந்துகொள்ள பைண்டும் அனுமதிக்கும். அனுமதித்த மறுநிமிடம் அந்தக் கோப்பு நம்முடையது அல்ல. மாற்றங்கள் தனியாக ஒரு ஜர்னலில் சேரும், கோப்பை பைண்டே திருத்தி எழுதும், நாம் கைவைக்க வேண்டுமென்றால் முதலில் உறையவைத்து, வேலை முடிந்ததும் உருக்க வேண்டும். கிட்டில் வைத்திருந்த அழகெல்லாம் போய்விடும். விண்டோஸ் போலக் காலாவதிப் பதிவுகளைக் கூட்டும் துடைப்பமும் இதற்குள் கிடையாது. ஆக, சர்வர், பிரிண்டர், மெயில் என்று மனிதர் எழுதி மனிதர் அழிக்கும் பெயர்களுக்கு பைண்டை மிஞ்ச ஆளில்லை. நூற்றுக்கணக்கான லேப்டாப்புகள் வந்துபோகும் ஸோனை இதில் வைப்பது வீண் வம்பு. ஆக்டிவ் டைரக்டரியைக்கூட பைண்டை வைத்து ஓட்டலாம், முடியும்தான். ஓட்டுபவர் வேலையை விட்டுப் போனபின் அடுத்தவர் அழுவார்.

டிஎன்எஸ்மாஸ்க்

சைமன் கெல்லி எழுதிய சின்ன மென்பொருள். உங்கள் வீட்டு ரௌட்டருக்குள்ளேயே இருக்கலாம். பெரிய நிறுவனத்துக்காரர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பார்கள். ஆனால் என் அளவுகோலில் இதுதான் முதலிடம்.

காரணம், டிஎச்சிபியும் டிஎன்எஸ்ஸும் இங்கே ஒரே ஆள். முகவரி கொடுக்கும் அதே கை பெயரையும் எழுதுகிறது. குத்தகை முடிந்தால் பெயரும் போச்சு. இரண்டு சேவைகள் ஒன்றுக்கொன்று கடிதம் போட்டு, அது தொலைந்து, நடுவில் பழைய பதிவு தங்கிவிடும் கதையே இல்லை. பெயர் திருடுவதற்கும் ஒரு தடை உண்டு: 'பைல்சர்வர்' என்ற பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஏற்கெனவே ஒரு முகவரிக்கு எழுதியிருந்தால், அதே பெயரோடு வேறு முகவரியில் வந்து நிற்கும் போனுக்கு அந்தப் பெயரைக் கொடுக்காது.

அப்படியானால் எல்லா இடத்திலும் இதையே போடலாமே? முடியாது. குத்தகை விவரங்களை இன்னொரு சர்வரோடு பகிர்ந்துகொள்ள இதற்குள்ளேயே வழியில்லை, அந்த ஒரு பெட்டி படுத்தால் கிளையே படுத்துவிடும். நினைவில் வைக்கும் பெயர்களின் எண்ணிக்கை இயல்பாக 150தான், அதைக் கூட்டிவிட வேண்டும். 2021 ஜனவரியில் டிஎன்எஸ்பூக் என்ற பெயரில் ஒரு கொத்து ஓட்டைகள் வெளிவந்தன, பழைய ரௌட்டர்களில் அவை இன்னும் அடைபடாமல் இருக்கக்கூடும். முப்பது நாற்பது பேர் இருக்கும், டொமைன் இல்லாத கிளைக்கு இதைத் தயங்காமல் போடுவேன்.

அன்பவுண்ட்

இதை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைப்பதே கொஞ்சம் அநியாயம். நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் உருவாக்கிய இது அடிப்படையில் கேட்டுச் சொல்பவர், பதிவேடு வைப்பவர் அல்லர். ஆகவே அழிக்கும் பிரச்சினையும் அதனுடையது இல்லை. கிளை அலுவலகத்தில் இதை வைத்து, நிறுவனப் பெயர்களைத் தலைமையகத்தின் விண்டோஸ் டிஎன்எஸ்ஸிடமும் மற்றதை இணையத்திலும் கேட்கச் சொன்னால் அமைதியாக வேலை செய்யும். தலைமையக இணைப்பு அறுந்தாலும் காலாவதியான பழைய பதிலையே கொடுத்துச் சமாளிக்கும்படி அமைக்கலாம். உள் டொமைனுக்கு டிஎன்எஸ்செக் கையொப்பம் (பதில் உண்மையானதா என்று சரிபார்க்க உதவுவது) இல்லையென்றால் அதைச் சரிபார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறந்தால் வெளி இணையம் முழுக்க வரும், சொந்த சர்வர் மட்டும் வராமல் போகலாம்.

எதை எடுத்தாலும் கணினிப் பக்கம் செய்யும் தவறு

நான் போன இடமெல்லாம் பார்த்தது இது: முதல் டிஎன்எஸ் டொமைன் கன்ட்ரோலர், இரண்டாவது 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்). 'முதலாவதில் கிடைக்காவிட்டால் இரண்டாவதில் தேடும்' என்று நினைத்துப் போடுகிறார்கள். அப்படி இல்லை. 'அந்தப் பெயர் இல்லை' என்பதும் ஒரு பதில்தான், அதோடு தேடல் முடிந்தது. முதலாவது மௌனமாக இருந்தால்தான் இரண்டாவதிடம் போகும். ஒருநாள் டொமைன் கன்ட்ரோலர் மறுதொடக்கம் ஆகும்போது விண்டோஸ் கூகுளிடம் தாவும், சிறிது நேரம் அங்கேயே நிற்கும். கூகுளுக்கு உங்கள் பைல் சர்வரைத் தெரியாது. காலையில் வேலை செய்தது மதியம் செய்யாது, மாலையில் தானாகச் சரியாகும். இரண்டாவது இடத்திலும் உள் சர்வரையே போடுங்கள், வெளி முகவரியை அந்தச் சர்வர் கேட்டுக்கொள்ளட்டும். லினக்ஸில் டிஎன்எஸ் சர்வர்களைப் பட்டியலிடும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் முதல் சர்வர் செத்திருந்தால் வழக்கமாக ஒவ்வொரு தேடலும் 5 நொடி காத்திருக்கும், 'எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழைவது) மெதுவாக இருக்கிறது' என்ற புகாராக அது உங்களிடம் வரும்.

இன்னொன்று, உள் டொமைனுக்கு '.லோக்கல்' என்று பெயர் வைப்பது. 2013இலிருந்து அது எம்டிஎன்எஸ்ஸுக்கென ஒதுக்கப்பட்டது, மேக் கணினிகளும் பல லினக்ஸ்களும் உங்கள் சர்வரைக் கேட்காமல் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்கும். சொந்த டொமைனின் ஒரு துணைப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிடிக்காவிட்டால், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2024இல் தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய '.இன்டர்னல்' இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் கடைசியில் தங்கியது இது: தலைமையகத்தில் விண்டோஸ் டிஎன்எஸ், டிஎச்சிபி வழியாகப் பதிவு. இரண்டு கிளைகளில் அன்பவுண்ட். டொமைனில் சேராத கிடங்கில் டிஎன்எஸ்மாஸ்க். பைண்ட் வெளி உலகுக்கான ஸோனை மட்டும் பார்த்துக்கொள்கிறது.

ஸ்கேவஞ்சிங்கை இதுவரை இயக்காதவர்கள் இன்று மாலையே இயக்கிவிட வேண்டாம். முதலில் ஸோனைத் திறந்து நேரமுத்திரைப் பத்தியைப் பாருங்கள். கையால் எழுதிய பதிவுகளுக்கு நேரமுத்திரை இருக்காது, அவற்றைத் துடைப்பம் தொடாது. பைல் சர்வர், பிரிண்டர் போன்றவை பழைய தேதியோடு நின்றால் அவற்றை நிலையான பதிவாக மாற்றுங்கள். ஸோனில் இயக்கி இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, உயிருள்ள கணினிகளின் தேதி புதுப்பிக்கப்படுகிறதா என்று பார்த்தபின், ஒரே ஒரு சர்வரில் மட்டும் துடைப்பத்தைக் கொடுங்கள். அதுவும் வெள்ளிக்கிழமை வேண்டாம்.