ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக ஒரு கிட்டார்

ஆறு வருஷமாகக் கையில் இருக்கும் கிட்டாரைப் பற்றி எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அளவுகளைச் சொல்கிறேன், அதை வைத்து எந்தக் கடையிலும் தேடலாம்: ஓஎம் (ஆர்க்கெஸ்ட்ரா மாடல்) உடல், சாலிட் சீடர் மேல்பலகை, லேமினேட் மஹோகனி முதுகு, 645 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 44.5 மி.மீ. நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டையின் அகலம்). ஃபிங்கர்ஸ்டைல், அதாவது கம்பிகளை விரல்களால் தனித்தனியாக மீட்டி, வாசிக்கப் போகிறவர் இதில் கடைசி எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு முன்னால் ஒரு ட்ரெட்நாட், அதாவது உடல் பெரிய கிட்டார், இருந்தது. நட் 43 மி.மீ. எல்லாக் கம்பியையும் சேர்த்து ஸ்ட்ரம் அடித்துக்கொண்டிருந்த வரைக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் பாணி பழக ஆரம்பித்தேன். கட்டைவிரல் பேஸ் கம்பிகளில் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மேலே மெட்டை எடுக்கும். அப்போதுதான் சி கார்டில் முதல் கம்பி ‘தப்’ என்று செத்து விழுவது காதில் பட்டது. இரண்டாம் கம்பியை அழுத்தும் ஆள்காட்டி விரலின் சதை பக்கத்துக் கம்பியையும் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்ட்ரம்மில் ஆறில் ஒன்று ஊமையானால் யாருக்கும் கேட்காது. ஒவ்வொன்றாக மீட்டும்போது பல் போன இடம் மாதிரி தெரியும்.

ஒன்றரை மில்லிமீட்டரை ஐந்து இடைவெளிக்குப் பங்கு போட்டால் தலைக்கு 0.3 மி.மீ.தான் வரும். கேட்டால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். கடையில் இரண்டையும் அடுத்தடுத்து மடியில் வைத்து அதே சி கார்டைப் பிடித்துப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. விரல் மெலிந்தவர்களுக்கு 43 போதும், அவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

உடலைப் பொறுத்தவரை, ட்ரெட்நாட்டின் பேஸ் கட்டைவிரல் தாளத்தைப் பெருக்கி மெட்டை மூடிவிடும். ஓஎம்மில் இரண்டும் சமமாக நிற்கும். மார்ட்டின் கம்பெனி 1929-ல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்ததற்குக் காரணமே பெர்ரி பெக்டல் என்ற பாஞ்சோக்காரர் கேட்டதுதான். அவருக்கு ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) இன்னும் அதிகமாக உடலுக்கு வெளியே நிற்கும் கழுத்து வேண்டியிருந்தது. இதே அளவு உடலில் 632 மி.மீ. ஸ்கேலுடன் வருவது 000. கம்பி இன்னும் மெத்தென்றிருக்கும். ஆனால் நான் சில கம்பிகளின் சுதியைக் குறைத்து டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங்குக்கு அடிக்கடி இறக்குவேன். இறக்கினால் கம்பி தளரும், அதனால் கம்பி இறுக்கமாக நிற்கும் நீளமான ஸ்கேலை எடுத்தேன்.

சீடர், மெல்லத் தொட்டாலே பேசும். இரவு பதினொரு மணிக்கு வீட்டில் யாரையும் எழுப்பாமல் வாசிக்க இதைவிட வேறு வேண்டாம். ஆனால் நண்பர்கள் கூடி ஓங்கி அடிக்கச் சொன்னால் ஒரு அளவுக்கு மேல் சத்தம் ஏறாது, குழம்பிவிடும். அங்கே ஸ்ப்ரூஸ் மரம்தான் சரி. சீடர் மெத்தும்கூட. சவுண்ட் ஹோலுக்குக் கீழே என் நகம் போட்ட கோடுகளைப் பார்த்து “பூனை வளர்க்கிறீங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

இனி சென்னை. முதல் ஐப்பசி மழையில் மேல்பலகை ஈரம் குடித்து உப்பியது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியின் உயரம் 2.4 மி.மீ.யிலிருந்து 3.1-க்கு ஏறிவிட்டது. எஃப் கார்டு பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். ரிப்பேர் பார்ப்பவர் “சேடிலைத் தேய்ச்சுடலாமா சார்?” என்றார், நானும் தலையாட்டினேன். சேடில் என்பது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் எலும்புப் பட்டை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 0.7 இறங்க, சேடிலில் அதைப்போல் இரு மடங்கு எடுக்க வேண்டும். எடுத்தார். மழை போனது. சித்திரையில் கிட்டாரை ஏசி அறைக்கு மாற்றினேன். உப்பிய பலகை பழைய இடத்துக்கு இறங்கியது, கம்பியெல்லாம் ஃப்ரெட்டில் உரசி இரைந்தது. தேய்த்த எலும்பு திரும்ப வளருமா?

இப்போது இரண்டு எலும்பு சேடில்கள் வைத்திருக்கிறேன். ‘மழை’, ‘வெயில்’ என்று எழுதிய இரண்டு சின்னக் கவர்களில் பெட்டிக்குள் கிடக்கின்றன. கூடவே ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். முள் 45-க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் நிம்மதி. மழைக்காலத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை, 65-க்குள் இருந்தாலே சரி என்று விட்டுவிடுகிறேன். நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் பசை இளகி, சேடில் உட்காரும் ப்ரிட்ஜ் பெயரும்.

கம்பி 12-53 (மெல்லியது முதல் தடித்தது வரை, அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு) பாஸ்பர் பிரான்ஸ். என் வியர்வைக்குச் சாதாரண செட் மூன்று வாரத்தில் மழுங்கிவிடும். கோட்டிங் போட்டது விலை இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் நாலு மாதம் ஓடுகிறது.

ஆறு வருஷத்தில் முதல் மூன்று ஃப்ரெட்டில், இரண்டாம் கம்பிக்கு அடியில், குழி விழுந்திருக்கிறது. சி கார்டின் ஆள்காட்டி விரல் அழுத்தும் இடம்தான் ஆழம். இந்த வருஷம் ஃப்ரெட்டுகளைத் தேய்த்து லெவல் செய்யக் கொடுக்கணும், மழை முடிந்த பிறகு.